துணி தாங்கும் கை

ஜூன் 3, திங்கள்

எஸ்தர் மேடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை வேளை பயிற்சி செய்தோம், கை எவ்வளவு நீண்டது, இரண்டையும் தேதி போட்டு எழுத வேண்டும். கல்லூரியில் வாங்கி எழுதாமல் விட்ட நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் ‘ஐரோப்பிய வரலாறு, ஆறாம் பருவம்’ என்று என் கையெழுத்து. அதைக் கிழிக்க மனம் வரவில்லை.

அப்பாவுக்கு வாதம் வந்தது மார்ச் பதினொன்று. மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டியில் மூட்டையோடு சரிந்தார். கால் ஓரளவு வந்துவிட்டது, கோல் ஊன்றி நடக்கிறார். இடது கைதான் முழங்கையில் மடங்கி நெஞ்சருகே நிற்கிறது, விரல்கள் உள்ளே சுருண்டபடி. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் எஸ்தர் மேடம் இன்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“ஆறு மாசந்தான் ரங்கநாயகி. அதுக்குள்ள எவ்வளவு நீட்டறோமோ அவ்வளவுதான் அப்பாவுக்குக் கை. தினமும் நாலு வேளை. தூங்கும்போதுகூட மடக்கி வைக்க விடாதே.”

ஆறு மாதம் என்றால் செப்டம்பர் பதினொன்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை நாற்காலியில் சுவரோரம் உட்கார வைத்து, இடது கையைச் சுவரோடு மெதுவாக நீட்டி, நடுவிரல் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கை முழுதாக நீண்டால் சன்னல் கட்டையைத் தொடும். கோட்டுக்கும் சன்னலுக்கும் இடையே பதினான்கு விரல். அப்பாவின் வலது கை விரலால் அவரே அளந்தார்.

பயிற்சி: 4. சன்னலுக்கு: 14.

ஜூன் 5, புதன்

பயிற்சி: 4. அம்மாவுக்கு மில்லில் காலை ஷிப்ட் என்பதால் காலை இரண்டு வேளை நான், மதியம் ஒன்று அம்மா, மாலை ஒன்று நான். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

பயிற்சி: 4. சன்னலுக்கு: 11. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். “மூணு விரல் வந்துட்டனாக்கு” என்றார். அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கோடு கொஞ்சம் அழிந்துவிட்டது. மறுபடி போட்டேன்.

பட்டறையில் புது வேலை வந்திருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஆறுச்சாமி அண்ணனின் ஃபைபர் சிலைப் பட்டறை, எங்கள் காரமடையிலேயே. சாமிகள், தலைவர்கள், ஓட்டல் வாசலில் கும்பிட்டு நிற்கும் சமையல்காரர், எல்லாம் செய்வோம். போன் எடுப்பது, கம்ப்யூட்டரில் படங்கள் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே பட்டம் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் ‘புரொபசர்’ என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் காது சூடாகிவிடும்.

நாச்சிமுத்து என்ற மண்டபத்துக்காரர் வந்தார். மேட்டுப்பாளையம் சாலையில் ரோமானியத் தூண்கள் வைத்துக் கல்யாண மண்டபம் கட்டுகிறார். வாசலில் வைக்க அவர் அப்பாவுக்கு ஒரு சிலை வேண்டுமாம்.

“வாசல்ல எங்கய்யன் நிக்கோணும். ரோமாபுரி ராஜா மாதிரி, துணி போத்திக்கிட்டு நிப்பாங்கல்ல, அப்பிடி.”

“அது ராஜா உடுப்பு இல்லைங்க” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அதுக்குப் பேரு டோகாங்க. அந்த ஊர்க் குடிமக்கள் உடுத்தறதுங்க.”

ஆறுச்சாமி அண்ணன் சிரித்தார். “கேட்டீங்களா? எங்க புரொபசர். அப்ப நீயே பாத்துச் சொல்லிரு அம்மிணி, எப்பிடிக் கட்டறதுன்னு.”

மூன்று வருடம் படித்தது முதல்முறையாக யாருக்கோ தேவைப்படுகிறது.

ஜூன் 18, செவ்வாய்

பயிற்சி: 4.

நாலு நாளாக டோகாவேதான். தைக்காத ஒற்றைத் துணி. அரைவட்டமாக வெட்டியது, ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளம். ஒரு முனையை இடது தோளில் முன்பக்கமாகத் தொங்கவிட்டு, முதுகு வழியாகச் சுற்றி, வலது கைக்கு அடியில் கொண்டுவந்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஏற்றி மறுபடி இடது தோளில் போட வேண்டும். ஊக்கு இல்லை, முடிச்சு இல்லை. மொத்தத்தையும் பிடித்து வைத்திருப்பது மடங்கிய இடது கைதான். சிலைகளில் பார்த்தால் எல்லோருக்கும் இடது முழங்கை மடங்கி, துணி அதன்மேல் விழுந்து கிடக்கிறது. தனியாக உடுத்திக்கொள்ள முடியாது, உடுத்திவிட ஆள் வேண்டும். அதை உடுத்திக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. ‘எனக்கு வேலை செய்யும் அவசியம் இல்லை’ என்று ஊருக்குக் காட்டத்தான் அதை உடுத்தியதாகவும் ஒரு கட்டுரையில் இருந்தது.

ஜூன் 20, வியாழன்

காடாத் துணி வாங்கி மூன்று அகலம் சேர்த்துத் தைத்து, அரைவட்டமாக வெட்டினோம். தங்கவேலண்ணனுக்குக் கட்டிவிட்டோம். ஃபைபர் ஊற்றுகிறவர் அவர்.

“ஏனுங்ண்ணா, இது வேட்டியா சீலையா? எம்பட பொண்டாட்டி பாத்தா உள்ள சேத்த மாட்டா.”

“வாய மூடிட்டு நில்லு தங்கவேலு. கைய எறக்காத. கை எறங்குனா மொத்தமும் எறங்குது பாரு.”

பன்னிரண்டாவது நிமிடம் கை இறங்கியது. மறுமுறை ஒன்பது நிமிடம். மூன்றாம் முறை துணி முழுவதும் அவிழ்ந்து காலடியில் விழ, அவர் டவுசரோடு நின்றார். பட்டறையே சிரித்தது.

“களிமண்ணுல மடிப்பு மடிப்பா எடுக்கோணும், இருவது நாளாவது ஆகும்” என்றார் ஆறுச்சாமி அண்ணன். “அதுவரைக்கும் கைய ஒரே மாதிரி வெச்சுட்டு நிக்கறவன் எவனிருக்கான்?”

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பயிற்சி: 4.

ஜூன் 22, சனி

சன்னலுக்கு: 9.

அப்பாவைப் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அப்பா வரட்டும் என்று முதலில் சொன்னது யார் என்பது சரியாக நினைவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

ஆறுச்சாமி அண்ணன் துணியைக் கட்டிவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: “உங்க புள்ள சொன்னது நெசந்தானுங்ண்ணா. அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்குது கை.”

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஜூன் 24, திங்கள்

அம்மா அப்பாவுக்குத் தலை சீவிவிட்டாள். மூன்று மாதமாகக் கவிழ்த்து வைத்திருந்த தூக்குப்போசியைக் கழுவிச் சோறு கட்டினாள். அப்பா வேலைக்குப் போகிறார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அவராகவே சொன்னார், “வேலைக்குங்க”.

இருபது நிமிடம் நிற்பது, பத்து நிமிடம் உட்காருவது. ரோமானியச் சிலைகளில் காலோரம் ஒரு பெட்டி இருக்கும். ஓலைச் சுருள் போலத் தாள் சுருள்கள் வைக்கிற பெட்டி. கல் முறியாமல் இருக்க அது ஒரு முட்டு. அதைச் சொன்னதும் தங்கவேலண்ணன் பலகையில் ஒன்று செய்து கொடுத்தார். அப்பா கோலை விட்டுவிட்டு அதில் சாய்ந்து நின்றார்.

“இந்தத் துணியக் கட்டிட்டு மூட்ட தூக்குனா எப்பிடி கண்ணு?”

“இதக் கட்டுனவங்க தூக்க மாட்டாங்கப்பா.”

“அப்பத் தூக்கறவனுக்கு?”

“முழங்கால் வரைக்கும் ஒரு சட்டைதானுங்கப்பா.”

“அதான பாத்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருபது நிமிடம் முடிந்தும் அவர் உட்காரவில்லை.

பயிற்சி: 2. நேரம் போதவில்லை.

ஜூலை 1, திங்கள்

நேற்று ஞாயிறு. விட்டதற்கும் சேர்த்து ஆறு வேளை செய்தோம். சன்னலுக்கு எட்டரை விரல். அப்பா இரண்டு விரல்களைத் தானாகவே கொஞ்சம் விரித்தார்.

இன்று துணியைக் கட்டியதும் ஆறுச்சாமி அண்ணன் களிமண்ணையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சனிக்கிழமை எடுத்த மடிப்பு எதுவும் ஒத்துவரவில்லை. கை கீழே இறங்கியிருந்தது.

“என்ன பண்ணுனீங்க நேத்து?”

சொன்னேன்.

“அம்மிணி, களிமண்ணு முடியற வரைக்கும் கைய இழுக்காதீங்க. கை நீண்டா மடிப்பு மாறிருது. ரெண்டு வாரம், அவ்வளவுதான். அப்பறம் நீ எத்தன வேணா இழுத்துக்க.”

மேடம் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, “ரெண்டு வாரந்தான கண்ணு. பரவால்ல, போச்சாது” என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

பயிற்சி: 0.

ஜூலை 4, வியாழன்

பயிற்சி: 0. தூங்கும்போது கை அசையாமல் இருக்க, காடாத் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார் ஆறுச்சாமி அண்ணன். கட்டினேன். கை மடங்காமல் இருக்க இதுவரை இரவில் அணை கொடுத்த தலையணையைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

0.

ஜூலை 15, திங்கள்

இரண்டு வாரம் முடிந்தது. களிமண் முடியவில்லை. ஆடி பிறக்கப் போகிறது, அம்மன் சிலைகள் ஆறு கேட்டிருக்கிறார்கள். அதனால் அப்பாவுக்கு அரை நாள்தான் ஒதுக்க முடிகிறது. மற்ற நேரம் களிமண் காயாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கிறோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார்.

ஆறுச்சாமி அண்ணனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நடந்து போகும்போதே தயார் செய்துகொண்டேன். ‘அண்ணா, செப்டம்பர் பதினொன்று வரைக்கும்தான் கெடுங்க, இனிமேல் தள்ளிப்போட முடியாதுங்க.’ மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்தது. அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்ன அம்மிணி? டீயா? எனக்குச் சக்கர கம்மியா.”

டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று படித்தது. ரோமானியப் பட்டறைகளில் டோகா உடுத்திய உடல்களைத் தலை இல்லாமல் முன்கூட்டியே செய்து வைப்பார்களாம். கழுத்தில் ஒரு குழி இருக்கும். வாங்க வருகிறவரின் தலையைத் தனியாகச் செதுக்கி அந்தக் குழியில் பொருத்துவார்கள். பின்னால் வேறொருவர் பெரிய ஆளானால் பழைய தலையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்ததும் உண்டு. உடல் யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆறுச்சாமி அண்ணனிடம் சொன்னேன். “நம்மளாட்டவே இருந்திருக்கானுக” என்றார். நாச்சிமுத்து அவர்களின் அய்யன் தலை போட்டோ பார்த்துத் தனியாகத் தயாராகிறது. காது கொஞ்சம் பெரிது.

0.

ஆகஸ்ட் 2, வெள்ளி

குளிப்பாட்டும்போது இடது அக்குளுக்குள் சோப்புப் போட முடியவில்லை. கை திறக்க மறுக்கிறது. உள்ளங்கையில் நாற்றம். விரல் நகங்கள் வளர்ந்து உள்ளங்கைத் தோலில் அழுந்தியிருக்கின்றன. நகவெட்டி உள்ளே போகவில்லை. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தூக்க, நான் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் எத்தன நாளாம்?” என்றாள் அம்மா.

“முடியப் போவுதும்மா.”

“ஏன், நீதான அங்க படிச்ச புள்ள. உனக்குத் தெரியாதா?”

மீன்காரர் வந்தார். மத்தி வாங்கினோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

களிமண் முடிந்தது.

சொல்லத்தான் வேண்டும், அழகாக இருக்கிறது. தோளிலிருந்து இறங்கும் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக முழங்கையில் வந்து தங்கி, அங்கிருந்து வழிந்து கால் வரை போகின்றன. நான் பார்த்த படங்கள் எதற்கும் குறைவில்லை. “கைதானுங்ண்ணா இதுக்கு உசுரு” என்று அப்பாவிடம் சொன்னார் ஆறுச்சாமி அண்ணன். அப்பா வலது கையால் களிமண் கையைத் தொடப் போய், அழுந்திவிடும் என்று தொடாமலே நிறுத்திக்கொண்டார்.

நாச்சிமுத்து மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருக்கிறார். நேர் முன்னால் நின்று படம் எடுத்துப் போனில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

மாலை பட்டையை அவிழ்த்தேன். பயிற்சி: 1. அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சுவரில் கோடு போடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பயிற்சி: 4. சன்னலுக்கு: 17.

ஜூன் மூன்றாம் தேதிக் கோட்டுக்கும் பின்னால் இருக்கிறது. அப்பாவின் விரலால் இரண்டு முறை அளந்தோம். நாற்காலி நகர்ந்திருக்கும் என்றார் அப்பா. நாற்காலிக் கால் தரையில் இருக்கும் வெடிப்பின் மேல் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்த்திப் போட்டு இன்னொரு முறை அளந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பயிற்சி: 4. சன்னலுக்கு: 18.

நாளை ஆஸ்பத்திரியில் பார்க்க வரச் சொன்ன நாள். எஸ்தர் மேடம் நோட்டைக் கேட்பார். கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், நீலப் பேனா ஒன்றும், கறுப்புப் பேனா ஒன்றும் வாங்கினேன். ஜூன் மூன்றிலிருந்து எழுதினேன். எல்லா நாளும் 4 என்றால் நம்ப மாட்டார் என்று நடுநடுவே 3 போட்டேன். ஒரு பக்கத்தில் எண்ணெய் தடவினேன். தேர்வுக்குக்கூட இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

செப்டம்பர் 4, புதன்

மேடம் புது நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு அப்பாவின் முழங்கையைப் பிடித்து நீட்டினார். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மறுபடி நீட்டினார். மரக்கிளையை வளைத்துப் பார்ப்பதைப் போல நிதானமாக.

“தசை சுருங்கிப் போச்சு. இனிமே பயிற்சியில பெரிசா வராது” என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

நான் தரையைப் பார்த்தேன். ஏன் இப்படி ஆனது என்று அவர் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“கையெழுத்து நல்லா இருக்கும்மா.”

ஊனச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார். பதினாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

நாச்சிமுத்து வந்துவிட்டார். அச்செடுத்து ஃபைபரில் வார்த்து, தலையும் பொருத்தி, பளிங்கு போல வெள்ளையடித்து நிறுத்தியிருந்தோம். சுற்றி வந்து பார்த்தார்.

“எங்கய்யனேதான். அந்தக் காது பாருங்க.” பிறகு இடதுபக்கம் போய் நின்றார். முகம் மாறியது. “இதென்னுங் கை?”

“அது அப்பிடித்தானுங்க நிக்கும். துணியத் தாங்கறதுக்கு” என்றார் ஆறுச்சாமி அண்ணன்.

“அதெல்லாம் இருக்கட்டுங். கல்யாண வீட்டு வாசல்ல வாதம் வந்தவனாட்ட நிக்கறாரே எங்கய்யன். வர்றவங்க என்ன நெனைப்பாங்க? கைய நீட்டி வாங்கன்னு சொல்றாப்புல வெச்சிருங்க. புதங்கெழம தெறப்பு.”

ஆறுச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. டோகாவைத் தாங்கும் கை இல்லாவிட்டால் அந்தத் துணி நிற்காது, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது மட்டும்தான் சொல்ல வேண்டியது என்றில்லை.

“அதுக்கென்னுங்க, மாத்திரலாம்” என்றார் அவர்.

தங்கவேலண்ணன் கட்டிங் மெஷினை எடுத்து வந்தார். முழங்கைக்கு மேலே வைத்தார். வெள்ளைத் தூசி பறந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிடம். பின்கட்டில் ஒரு தலைவர் சிலைக்குச் செய்து எடுக்காமல் போன கை கிடந்தது. நேரான கை, விரல்கள் விரிந்தது. அதை வைத்துப் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளையடித்து, நாலு மணிக்கெல்லாம் நேராகிவிட்டது. எதன் மேல் கிடக்கிறோம் என்று தெரியாமல் துணி மட்டும் அந்தரத்தில் மடிந்து நின்றது.

அறுத்த கையைக் குப்பையோடு போட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அது என் காலில் தடுக்கியது.

வீட்டில் அப்பா கேட்டார், “கை நல்லா வந்திருக்குதா கண்ணு?”

“வந்திருக்குதுங்கப்பா.”

செப்டம்பர் 11, புதன்

ஆறு மாதம்.

பயிற்சி: 4. சன்னலுக்கு: 18.

செப்டம்பர் 16, திங்கள்

சான்றிதழ் வாங்கப் போனோம். டவுன் பஸ்ஸில் அப்பாவுக்கு சன்னலோர இடம் கிடைத்தது. மேட்டுப்பாளையம் சாலையில் அந்த மண்டபம் வரும் என்று எனக்கு நினைவிருந்தது. அந்த இடம் வருவதற்கு முன் ஏதாவது பேச்சுக் கொடுத்து இந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று இருந்தேன். பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

மண்டப வாசலில் ஏதோ விசேஷம். வாழைமரம் கட்டியிருந்தார்கள். கார்கள் திரும்புவதற்காக பஸ் அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா முதலில் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். “அந்தா, நம்ம பொட்டி” என்றார். பிறகு மடிப்புகளைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையிடம் வந்ததும் பார்வை நின்றது. வெள்ளை வெளேரென்று நீண்ட கை, ஐந்து விரலும் விரிந்து, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அதில் தன் கைப்பையை மாட்டிவிட்டு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பும்வரை பார்த்தார்.

“அவருக்கு நேராயிருச்சாட்ட இருக்குது கண்ணு” என்றார்.

“ஆமாங்கப்பா.”

அப்பா, தோளில் கிடந்த துண்டை வலது கையால் எடுத்து, மடங்கிய கையின் மேல் போட்டுக்கொண்டார். சாலை முழுக்கக் குழி. பஸ் குலுங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி வரும்வரை அந்தத் துண்டு விழவில்லை.